ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு

சென்ற வாரம் எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் உள்பெட்டியில் ஒரு படம் அனுப்பியிருந்தான். சிவப்பு நிறத்தில், கூம்பு வடிவத்தில் ஓர் ஏர் ஃபில்டர். அதனோடு வளைந்த அலுமினியக் குழாய் ஒன்று. "அண்ணே, இதப் போட்டா பிக்கப் கூடும்னு சொல்றாங்க. நீங்க போட்டிருந்தீங்கள்லா? நெசமா கூடுமா?" என்று கேட்டிருந்தான். கேள்வி ஒரு வரி. விடையும் ஒரு வரிதான்: கூடாது. ஆனால் அந்த ஒரு வரியை எழுதி அனுப்ப விரல் எழவில்லை. அதை அறிந்துகொள்ள நான் கொடுத்த விலை 62,000 ரூபாய். அன்றைய கணக்கில் ஓர் இளநிலை ஆய்வாளனின் இரண்டு மாத உதவித்தொகை. பணம் என்னுடையது, கார் என்னுடையது அன்று, அப்பாவுடையது. ஆகவே முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

2013-இல் அப்பா கடன் போட்டு எடுத்த ஸ்விஃப்ட் அது. 1.2 லிட்டர் பெட்ரோல், நான்கு சிலிண்டர், ஏறத்தாழ 85 குதிரைத்திறன். திருநெல்வேலியில் எட்டு ஆண்டுகள் ஓடிய பிறகும் பின்னிருக்கையின் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை என்று சொன்னால், அப்பாவை அறியாதவர்களுக்கும் அவர் விளங்கிவிடுவார். கண்புரை அறுவைக்குப் பின் நெடுந்தொலைவு ஓட்டுவதை அவர் நிறுத்திக்கொண்டார். 2021-இன் இறுதியில் சாவியை என் கையில் கொடுத்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. டயர்க் காற்று எவ்வளவு வைக்க வேண்டும் என்று மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார்.

ஐதராபாத்துக்கு வந்த முதல் வாரத்திலேயே கார் மந்தமாகிவிட்டதாக எனக்குத் தோன்றியது. மேம்பாலம் ஏறும்போது ஒரு கியர் குறைக்க வேண்டியிருந்தது. அது வெறும் தோற்றமும் அன்று. ஐதராபாத் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேலே, தக்காணப் பீடபூமியில் அமர்ந்திருக்கும் நகரம். இங்கே காற்றழுத்தம் ஏறத்தாழ 95 கிலோபாஸ்கல், கடலோரத்தில் 101. டர்போ இல்லாத என்ஜினுக்குள் காற்றைத் தள்ளுவது சுற்றியுள்ள வளிமண்டலம்தான். அந்த வளிமண்டலம் மெலிந்தால் என்ஜினும் அதே அளவில் மெலியும். நெல்லையில் 85 குதிரைகளை இழுத்த கார், தக்காணத்தில் ஏறியதும் 80 குதிரைகளின் காராகிவிட்டது. அதன்மேல் மே மாத வெயில், அதன்மேல் ஏ.சி.

இந்தக் கணக்கை நான் அன்றே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஒலியியலில் ஆய்வு செய்பவனுக்கு அழுத்தமும் அடர்த்தியும் அன்றாடச் சொற்கள். ஆனால் சொந்தக் காரில் அமர்ந்தவுடன் படிப்பு பின்னிருக்கைக்குப் போய்விடுகிறது. கார் சரியாக மூச்சு விடவில்லை, கம்பெனிக்காரன் கருப்பு பிளாஸ்டிக் பெட்டிக்குள் அதன் மூக்கை அடைத்து வைத்திருக்கிறான் என்று நானே ஒரு நோயைக் கண்டுபிடித்தேன். நோய் கிடைத்துவிட்டால் மருந்துக்கா பஞ்சம்?

மருந்து செகந்திராபாத் ராணிகஞ்சில் கிடைத்தது. வண்டி உதிரிபாகக் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் பகுதி அது. 2022 மே மாதம், எண்ணெய்ப் பருத்தியால் ஆன கூம்பு ஃபில்டரும் குழாயும் சேர்த்து 2,800 ரூபாய். இந்த எண்ணெய்ப் பருத்தி ஃபில்டர்களுக்கு உலகெங்கும் பெயர் வாங்கித் தந்தது 1969-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம். நான் வாங்கியது அதுவன்று. அதன் ஏழைத் தம்பி. கடைக்கார இளைஞன் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இன்று நினைத்துப் பார்க்கிறேன். "சவுண்ட் மஸ்தாக வரும்" என்றான். வேகம் கூடும் என்று அவன் சொல்லவே இல்லை. அதை நானே சேர்த்துக்கொண்டேன். பக்கத்துப் பட்டறையில் அதைப் பொருத்தித் தந்த பெரியவர் மட்டும் பழைய பெட்டியை விரலால் தட்டி, "நக்கோ பாய், நக்கோ" என்றார். வேண்டாம் என்பதற்கு இந்த ஊர் உருதுவில் உள்ள சொல். இரண்டு முறை சொன்னார். கூலியை வாங்கிக்கொண்டார்.

பாரடைஸைத் தாண்டி, பேகம்பேட்டை மேம்பாலத்தில் ஏறும்போதுதான் முதன்முதலாக முழுவதும் மிதித்தேன். சும்மா நிற்கும்போது எந்த வேறுபாடும் இல்லாத கார், மிதித்த நொடியில் தொண்டையைத் திறந்து ஒரு நெடுமூச்சை உள்ளே இழுத்தது. எக்ஸாஸ்டின் வெடிப்பொலி அன்று அது. கம்மிய, அடிவயிற்றிலிருந்து எழும் ஓர் உறுமல். 4,000 சுற்றுகளைத் தாண்டும்போது தடித்து, 5,000-இல் கூர்மையாகி, காலை எடுத்ததும் சட்டென்று அறுந்துபோவது. அன்று தேவையே இல்லாமல் அந்த மேம்பாலத்தின் அடியில் திரும்பி மறுபடியும் ஏறினேன்.

அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அது எனக்கு ஓரளவு தெரிந்த துறை. என்ஜின் காற்றை ஒரே சீராக உறிஞ்சுவதில்லை. வால்வு திறக்கும்போது ஒரு மிடறு, மூடும்போது ஒரு தடை. நான்கு சிலிண்டர், நான்கு வீச்சு என்ஜினில், கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு மிடறுகள். 3,000 சுற்றில் நொடிக்கு 100. 6,000 சுற்றில் 200. இந்தத் துடிப்புகள் காற்றின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், ஒலியின் வேகத்தில், குழாய்வழியே வெளியே வருகின்றன. அதாவது கார் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே வெளியே பாடுகிறது. அந்தப் பாட்டை அடக்குவதற்காகத்தான் ஏர் ஃபில்டர் பெட்டி அவ்வளவு பெரிதாக இருக்கிறது. தூசியை வடிகட்ட மட்டும் என்றால் அதில் பாதி இடம் போதும். பல கார்களில் அதன் பக்கத்தில், எங்கும் போகாத ஒரு சிறு பிளாஸ்டிக் குடுவை ஒட்டிக்கொண்டிருக்கும். "இது எதுக்குன்னே தெரியல" என்று மெக்கானிக்குகள் கழற்றி எறிவது அதைத்தான்.

அது ஒரு கடம். மானாமதுரை மண்ணில் செய்த கடத்தை மடியில் வைத்து வாசிப்பவர், அதன் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் சுருதியை வளைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பானையின் உள்ளே இருக்கும் காற்று ஒரு சுருள்வில். கழுத்தில் இருக்கும் காற்று அந்த வில்லில் தொங்கும் எடை. வாயின் பரப்பு மாறினால் அந்த எடை ஆடும் எண்ணிக்கை மாறும். இந்தக் கணக்கை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். ஒரு லிட்டர் கொள்ளளவு, 5 சதுர சென்டிமீட்டர் வாய், 5 சென்டிமீட்டர் கழுத்து என்று எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 150 ஹெர்ட்ஸில் அது ஆடும். நம் நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு அது 4,500 சுற்று. அந்தச் சுற்றில் என்ஜின் கத்த வாயெடுக்கும்போது, பக்கத்துக் குடுவை எதிர்ச்சுருதியில் ஆடி அந்தக் கத்தலைத் தனக்குள் விழுங்கிக்கொள்கிறது. நான் கழற்றியது அந்த விழுங்கியை. ஆகவே எனக்குக் கிடைத்தது புதிய ஒலி அன்று. என்ஜின் பிறந்த நாள் முதல் எழுப்பிக்கொண்டிருந்த, யாரோ ஒரு பொறியாளர் கவனமாக மறைத்து வைத்திருந்த ஒலி. என் கைப்பேசிச் செயலியில் ஓட்டுநர் காதருகே 74 டெசிபல் இருந்தது 81 ஆயிற்று. செயலியின் எண்ணை நம்ப வேண்டியதில்லை. 7 கூடியது என்பதை நம்பலாம்.

இன்னொன்றும் உண்டு. காலை எடுத்தால் திராட்டிலின் தகடு மூடிக்கொண்டு இந்தத் துடிப்புகளை உள்ளேயே அடைத்துவிடும். மிதித்தால் தகடு திறந்து அவை வெளியே வரும். ஆகவே உறிஞ்சும் ஒலி வண்டியின் வேகத்தை ஒட்டி எழுவதன்று. நம் பாதத்தை ஒட்டி எழுவது. அதனால்தான் அது நம் உடலோடு அவ்வளவு விரைவாக ஒட்டிக்கொள்கிறது. கார்ப்பரேட்டர் காலத்திலிருந்தே ஓட்டுநரின் காது ஒரு பாடம் படித்திருக்கிறது: இந்த ஒலி எழுந்தால் என்ஜின் உழைக்கிறது. அதே உழைப்பில் ஒலியை மட்டும் கூட்டிக் கொடுத்தால், காது அதை உழைப்புக் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

பெரிய நிறுவனங்களுக்கு இது நெடுநாளாகத் தெரியும். 2010-இல் லெக்ஸஸ் எல்.எஃப்.ஏ. காரின் பத்து சிலிண்டர் என்ஜினுக்கு ஒலி அமைத்தது யமஹா. பியானோவும் செய்யும் நிறுவனம். காற்று தங்கும் அறையையே இசைக்கருவியின் உடல்போல வடிவமைத்து, அதன் ஒலியை ஓட்டுநர் அறைக்குள் வழிநடத்தினார்கள். அதற்கு அடுத்த ஆண்டுகளில் பி.எம்.டபிள்யூ. எம்-5 காரில் என்ஜின் ஒலி ஒலிபெருக்கி வழியாகவே உள்ளே ஊட்டப்பட்டது. நம் பக்கத்துச் சான்று கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ், டாடாவோடு சேர்ந்து 2018-இல் கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. வழக்கமான டியாகோ பெட்ரோல் 85 குதிரைத்திறன், இது 114. அந்தக் கூடுதல் 29 குதிரைகளும் டர்போவிலிருந்து வந்தவை, ஃபில்டரிலிருந்து அல்ல. இரண்டே ஆண்டுகளில் அந்தக் கார் நின்றுபோனது. நல்ல முயற்சி என்பது என் எண்ணம்.

எனக்கு மூன்று வாரம் திருவிழா. ஆய்வகத்தில் எல்லோரிடமும் "கார் பறக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என் மேசைக்கு எதிரே அமரும் தோழர் ஒருநாள் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "அளந்தீரா?" அவர் கேட்ட தொனியில் ஏளனம் ஒன்றும் இல்லை. நாங்கள் ஒருவரையொருவர் நாள்தோறும் கேட்டுக்கொள்ளும் கேள்விதான். ஆனால் முகம் சிவந்துவிட்டது.

அளந்தோம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ஒளிபுகும் குழாயை வாங்கி, அதில் குங்குமம் கரைத்த நீரை ஊற்றி வளைத்து, ஒரு முனையை ஃபில்டருக்குப் பின்னால் காற்றுக்குழாயில் செருகினோம். ஃபில்டர் எவ்வளவு தடுக்கிறதோ அவ்வளவு நீர் ஏறும். 10 சென்டிமீட்டர் நீர் என்பது ஏறத்தாழ ஒரு கிலோபாஸ்கல். பழைய பெட்டியைத் திரும்பப் பொருத்தி, இரண்டாம் கியரில் 6,000 சுற்றுவரை மிதித்தேன். தோழர் பக்கத்து இருக்கையில் குழாயை அளவுகோலோடு பிடித்துக்கொண்டு 16 சென்டிமீட்டர் என்றார். கூம்பில் 5. ஆக நான் காப்பாற்றியது 11 சென்டிமீட்டர் நீர். 95 கிலோபாஸ்கலில் 1.1. 80 குதிரைகளில் ஒரு குதிரைகூடத் தேறவில்லை. கம்பெனிக்காரன் அடைத்துவைத்த மூக்கு ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

அடுத்தது வெப்பம். பழைய பெட்டி ரேடியேட்டருக்கு மேலே முன்பக்கம் நோக்கிய மூக்கின் வழியாக வெளிக்காற்றை எடுக்கிறது. என் கூம்போ பானெட்டுக்குள், என்ஜினுக்குப் பக்கத்தில், அதன் மூச்சையே திரும்ப மூச்சாக இழுத்துக்கொண்டு நின்றது. கச்சிபௌலி சந்திப்பில் மாலை நெரிசலில், காரின் கணினியே காட்டிய உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலை: பெட்டியில் 47 டிகிரி, கூம்பில் 69. வெப்பம் ஏறினால் காற்றின் அடர்த்தி குறையும்; இந்த 22 டிகிரிக்கு 6 விழுக்காட்டுக்கும் மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் என்று நாம் பேசினாலும், எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று மெலிந்தால் எல்லாம் மெலியும். பெற்றது ஒரு குதிரைக்கும் குறைவு, இழந்தது ஐந்து. வண்டி ஓடத் தொடங்கி வெளிக்காற்று புகுந்ததும் இந்த இடைவெளி 8 டிகிரியாகச் சுருங்கியது. அப்போதும் நட்டம்தான்.

கடைசியாக நேரம். ஞாயிறு விடியற்காலையில் வெளிவட்டச் சாலையில், 158 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த எட்டுத்தடச் சாலையில், ஓர் இன்டர்சேஞ்சில் ஏறி அடுத்ததில் இறங்கி, இரு திசையிலும் ஓட்டினோம். மூன்றாம் கியரில் 60-லிருந்து 100 வரை. பெட்டியோடு சராசரி 9.4 நொடி. கூம்போடு 9.6. தோழர் ஒரு குறும்பும் செய்தார். ஃபில்டரை மாற்றி மாற்றிப் பொருத்தி ஆறு இணை ஓட்டங்கள். ஒவ்வோர் இணையிலும் எது விரைவாக இருந்தது என்று கடிகாரத்தைப் பார்க்காமல் அவர் சொல்ல வேண்டும். ஆறிலும் கூம்பு என்றார். அடுத்த ஞாயிறு, தொழிற்சாலைகளில் அணியும் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு அதே ஆறு. மூன்று கூம்பு, மூன்று பெட்டி. காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதைவிட நன்றாக வந்திராது. பெட்ரோல் செலவும் மிஞ்சியிருக்கும்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் 2,800 ரூபாயோடு போயிருக்கும். "சத்தத்துக்காகப் போட்டேன், சத்தம் வந்தது" என்று ஒப்புக்கொண்டிருந்தால் யாருக்கும் கேடில்லை. ஆனால் "பறக்கிறது" என்று சொல்லிவிட்டேனே. சொன்ன சொல்லை மெய்யாக்க வேண்டும் என்ற பிடிவாதம், ஆய்வாளனுக்கு வரக்கூடாத நோய். குறை கூம்பில் இல்லை, அது இருக்கும் இடத்தில்தான் என்று முடிவுகட்டினேன். ஜூன் மாதம், குழாயை நீட்டி, சக்கரத்துக்கு முன்னுள்ள பிளாஸ்டிக் மறைப்பில் ஒரு வட்டத்தை அறுத்து, கூம்பை பம்பருக்குள் பனிவிளக்கின் பின்னால் இறக்கினேன். தரையிலிருந்து ஒரு சாண் உயரம். அங்கே காற்று குளிர்ந்தது என்பது உண்மை. மறுபடியும் வெளிவட்டச் சாலை. சராசரி 9.3 நொடி.

பெட்டியைவிட ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு விரைவு! அன்று ஆய்வகத்தில் அனைவருக்கும் இரானி சாயும் உஸ்மானியா பிஸ்கட்டும் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரே ஃபில்டரோடு அடுத்தடுத்து ஓடிய இரண்டு ஓட்டங்களுக்கு இடையிலேயே 0.2 நொடி வேறுபாடு வந்துகொண்டிருந்ததை என் குறிப்பேடே காட்டியது. அதோடு, பெட்டியை அளந்தது கோடையில். இதை அளந்தது முதல் மழை பெய்து காற்று குளிர்ந்த ஒரு விடியலில். இரண்டையும் நான் அறிவேன். முதலாண்டு மாணவன் இப்படியொரு முடிவைக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். தோழர் பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு, "வெயில்நாள் ஒன்றில் திரும்ப ஓட்டுவோமா?" என்று மட்டும் கேட்டார். ஓட்டலாம் என்றேன். ஓட்டவில்லை.

ஜூலை கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. ஓர் இரவு நானக்ராம்குடாவில் சர்வீஸ் சாலையில் திரும்பினேன். தேங்கிய நீர் கணுக்காலுக்குச் சற்று மேல் இருக்கும். முன்னால் ஓர் ஆட்டோ நிதானமாகப் போயிற்று. அதன் பின்னாலேயே போனேன். எதிரே வந்த லாரி எழுப்பிய அலை பம்பரில் மோதியது. டக் என்ற ஒற்றை ஒலி. என்ஜின் நின்றுவிட்டது.

சிலிண்டரின் மேல்முனையில், பிஸ்டன் உச்சிக்கு ஏறியபின் மிஞ்சும் இடம் ஏறத்தாழ 30 மில்லிலிட்டர். குழந்தைக்கு மருந்து புகட்டும் பாலாடை ஒன்றிரண்டு கொள்ளும் அளவு. காற்றை அந்த இடத்துக்குள் அழுத்தலாம், தண்ணீரை முடியாது. அதற்கு மேல் நீர் புகுந்தால் பிஸ்டன் பாதி வழியில் சுவரில் மோதுவதுபோல் நிற்கும், கனெக்டிங் ராடு வளையும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், பின்னால் ஹாரன்கள் அலறியதில், ஒரேயொரு முறை செல்ஃப் அடித்தேன். இரண்டாவது டக். முதலாவதில் தப்பியிருக்கக்கூடியது இரண்டாவதில் போயிருக்கலாம் என்று பட்டறையில் சொன்னார்கள். எது எப்போது வளைந்தது என்று இனி யாராலும் அளக்க முடியாது.

என்ஜினைப் பிரித்துக் கோத்ததற்கு 62,000 ரூபாய். காப்பீட்டிலிருந்து வந்து பார்த்தவர் குழாயைப் படம் எடுத்துக்கொண்டு, இது கம்பெனி பொருத்தியது அன்றே என்றார். மறுக்க ஒன்றும் இல்லை. சட்டத்தையும் அப்போதுதான் படித்தேன். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களை மாற்றும் மாறுதல்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஃபில்டர் அந்தச் சான்றில் எழுதப்படும் பொருள் அன்று என்பது கடைக்காரர்களின் வாதம். ஆனால் ஒலி அளவை மீறினால் 190-ஆம் பிரிவு இருக்கிறது: 10,000 ரூபாய் வரை தண்டம், மூன்று மாதம் உரிமம் கிடையாது. பல நகரங்களில் காவல்துறையினர் சைலன்சர்களை வரிசையாக அடுக்கி ரோடு ரோலரை ஏற்றும் படங்களை நாளிதழ்களில் பார்க்கிறோம். ஏர் ஃபில்டரை யாரும் நசுக்குவதில்லை. பானெட்டுக்குள் இருப்பது யார் கண்ணுக்கும் படாது.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "தண்ணிக்குள்ள விட்டுட்டியோல?" என்றார். ஆமாம் என்றேன். "மழைக்கு யாரு என்ன செய்ய முடியும். ஒனக்கு ஒண்ணும் ஆகலல்ல?" என்றார். குழாயைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர் பணம் அனுப்பவா என்று கேட்டபோதும் திறக்கவில்லை. வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். அந்த ஆறு மாதங்களில் என்னை உறுத்தியது 62,000 அன்று. "மழைக்கு யாரு என்ன செய்ய முடியும்" என்ற அவருடைய அந்தச் சொல்தான். அதே சாலையில் அன்று இரவு எத்தனையோ ஸ்விஃப்ட்டுகள் கடந்துபோயின. அவற்றின் மூக்கு இருக்க வேண்டிய உயரத்தில் இருந்தது.

2023 பிப்ரவரி 11 அன்று உசேன் சாகர் கரையில் ஃபார்முலா ஈ மின்கார்ப் பந்தயம் நடந்தது. இந்தியாவில் அதுவே முதன்முறை. அதைப் பார்க்க அப்பாவையும் வரவழைத்திருந்தேன். புதிய தலைமைச் செயலகத்தையும் லும்பினி பூங்காவையும் சுற்றிய 2.8 கிலோமீட்டர்த் தடம். கார்கள் கண்முன்னே கோடாகத் தெரிந்து மறைந்தன. கேட்டதோ ஒரு கீச்சொலியும் டயர்களின் தேய்வும்தான். பக்கத்தில் இருந்தவர் "சத்தமே இல்லியே, ஸ்லோவா போற மாதிரி இருக்கு" என்று அலுத்துக்கொண்டார். எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. என் கார் போகாத வேகத்தைக் காதில் போட்டது; இவை போகும் வேகத்தைக் காது வாங்கிக்கொள்ள மறுத்தது. ழான்-எரிக் வெர்ன் வென்றார். அப்பா கடைசிவரை கண்கொட்டாமல் பார்த்தார்.

மறுநாள் காலையில் அவர் தம் வழக்கப்படி பானெட்டைத் திறந்தார். பழைய பெட்டி தன் இடத்தில் இருந்தது. கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். பிறகு குனிந்து, சக்கரத்தின் முன்னால் இருந்த மறைப்பைத் தடவினார். "இது என்னல ஓட்ட? வட்டமா அறுத்த மாதிரி இருக்கு?"

சொன்னேன். நீர்மட்டக் குழாய், 16 சென்டிமீட்டர், 69 டிகிரி, 9.3 நொடி, செல்ஃப் அடித்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சத்தம் நல்லா இருந்துச்சோ?" என்றார்.

"நல்லா இருந்துச்சுப்பா."

"நானும் எஸ்டில சைலன்சர் உள்குழாயக் கழட்டிப்போட்டு ஓட்டுனவன்தான். பாளையங்கோட்டை பூரா கேக்கும்." பானெட்டை மெல்ல இறக்கி, இரண்டு கையாலும் அழுத்தி மூடினார். "ஆனா அது எங்க அப்பா வண்டி இல்லல. என் வண்டி."

அந்த ஓட்டையை அடைக்க ரப்பர் மூடி ஒன்று அன்றே வாங்கினோம், 40 ரூபாய். மூடியை அவர்தான் பொருத்தினார்.

தம்பிக்கு இதையெல்லாம் சுருக்கி நேற்று எழுதினேன். பிக்கப் கூடாது. கோடையில் குறையும். சத்தம்தான் வேண்டும் என்றால் அதை வேகம் என்று சொல்லிக்கொள்ளாதே. மூக்கை ஒருநாளும் கீழே இறக்காதே. வீட்டாரின் காராக இருந்தால் முதலில் அவர்களிடம் கேள். புதிய காகித ஃபில்டர் சில நூறு ரூபாய்தான். அதை மாற்றி, டயர்க் காற்றையும் பார்த்துக்கொள்.

உடனே மறுமொழி வந்தது. "சரிண்ணே. புரிஞ்சிட்டு. அந்தப் பழைய கூம்பு இன்னும் வச்சிருக்கீங்களா? சும்மா கெடந்தா எனக்குத் தாங்களேன்."

அது என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. இன்னும் விடை எழுதவில்லை.